கரிகிரி தாத்தாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

பாப்பா இன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தாள். வந்ததும் வராததுமாகப் பசிக்கிறது என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு நானும் அவள் அம்மாவும் சமையலறையில் நின்று அழுதோம். மனசு ஆறின பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட எனக்கு விருப்பமில்லை.

நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். என் மகள் பாதத்தில் இருக்கும் வெண்புள்ளியைத் தொழுநோய் என்று நினைத்து, தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் கரிகிரிக்குப் போகச் சொல்லிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கத்தினார்கள், அது வீடியோவாகவும் வந்தது. அந்த வீடியோவைப் பற்றி எழுதப் போவதில்லை. அதில் கத்தியவர்களும் குழந்தைகள்தான்.

வகுப்பு டீச்சர், எங்களை உட்காரவைத்து நிதானமாகப் பேசிய தோல் டாக்டர், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு போன் செய்தபோது குறுக்கே பேசாமல் கேட்ட அந்தப் பெண் குரல், ஆட்டோ அண்ணன், மாடி வீட்டு அக்கா, எல்லோருக்கும் என் வணக்கம். பள்ளிக்கூட மீட்டிங்குக்கு என்னோடு வந்த அப்பாக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி விஷயங்களை அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று யாரும் ஒதுங்கவில்லை. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ஷிப்டு மாற்றிக்கொண்டு ஓடிவந்தவர், யூனிபார்மைக்கூட மாற்றாமல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் உட்கார்ந்திருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

இனி தாத்தா.

ஆட்டோ அண்ணன் சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் மஞ்சப்பையோடு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, "பாப்பாவக் கூப்புடு நைனா, செருப்புக்கு அளவு எடுக்கணும்" என்றார். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் செருப்பு தைத்தே காலத்தை ஓட்டியவர். இப்போது ரிட்டயர்டு. அதற்கு முன் அவரை நாங்கள் பார்த்ததுகூட இல்லை.

பாப்பா அப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயும் சாக்ஸைக் கழற்றமாட்டாள். வேலூர் வெயிலில். தூங்கும்போதும். தாத்தா எதுவும் கேட்கவில்லை. தானே சாக்ஸை உருவி, துண்டால் பாதத்தைத் தட்டிவிட்டு, அட்டைமேல் வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குதிகாலிலிருந்து சுற்றி வரைந்தார். விரல் இடுக்கில் பென்சில் போனபோது பாப்பா கூச்சத்தில் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. அவர் காலைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்காலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "உனக்குத் தட்டப் பாதம் கண்ணு. உள்ள கொஞ்சம் மேடு வெச்சுத் தரேன், நடந்தா வலிக்காது" என்றார்.

அந்தப் பாதத்தில் எல்லோரும் வெள்ளைத் திட்டைப் பார்த்தார்கள். அவர் தட்டைப் பாதத்தைப் பார்த்தார்.

"ஐயா, இது வெண்புள்ளிதாங்க, தொழுநோய் இல்லைங்க" என்று சொன்னேன். அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுவாவே இருந்தா இன்னா நைனா? அவங்க காலெல்லாம் என் மடியில தான இருந்துச்சி. எனக்கு இன்னா ஆயிப்போச்சி?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "கரிகிரிக்குப் போ" என்று பிள்ளைகள் என் மகளைப் பார்த்துக் கத்தினார்களே, அந்தக் கரிகிரியில் காலங்காலமாக இதே வேலைதான் நடக்கிறது. தொழுநோயால் உணர்ச்சி போன காலில் முள் குத்தினாலும் தெரியாது, புண்ணாகிவிடும். அதற்காகத்தான் மெத்தென்ற ரப்பரில் அளவெடுத்துச் செருப்பு. தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இருக்கிறது, குணமாகிறது. வெண்புள்ளி என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் தரும் செல்களை அழித்துவிடுகிறது. தொட்டால் ஒட்டாது. என் மகளைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவர் மகளை ஒதுக்கித் தள்ளும்படி இனி நான் பேசமாட்டேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

செருப்புக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்தார்.

இன்று பாப்பா சாக்ஸ் இல்லாமல், அந்தச் செருப்போடு போனாள். ஷூ இல்லாமல் வரலாம் என்று அனுமதி கொடுத்த ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் நன்றி. ஜூன் 25 உலக வெண்புள்ளி தினம். அன்றைக்குப் பிரேயரில் பேச எனக்கு நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவையும் கூப்பிட்டேன். பேச வராது, வேண்டுமானால் பிள்ளைகளுக்குக் கால் அளவு எடுக்கிறேன் என்றார்.

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, எந்தப் பக்கமானாலும் சரி. திக்குவாய், நிறம், நடை, எதை வைத்தாவது உங்கள் பிள்ளையை யாராவது அழவைத்து, பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போய்ப் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் ஆட்டோ அண்ணனிடம் சொல்லி அனுப்புங்கள். லீவு போட்டுவிட்டு வருகிறேன். பேச வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நன்றியுடன்,
பாப்பாவின் அப்பா