மூணு மா குத்தகை

மன்னார்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. விடைத்தாள் கட்டுகள்தான் காரணம், வழக்கமான சாக்கு. முழங்கால் வலி தேவலையா?

ஏழாம் வகுப்புக்குப் பின்னம் ஏறவே மாட்டேன் என்கிறது என்று புலம்பியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலிலிருந்து பின்னப் பெயர்களை எடுத்து முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 என்று பலகை நிறைய எழுதினேன். பழம்பெருமை பேசினால் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைப்பு. கொட்டாவிதான் விட்டார்கள். மனப்பாடம் செய்ய இன்னொரு வாய்ப்பாடு, அவ்வளவுதான் அவர்களுக்கு.

மறுநாள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், எங்கப்பா மூணு மா குத்தகைக்குப் பண்றாரு. அந்த மாவா இது?" என்றான். எனக்கே அப்போதுதான் உறைத்தது. நில அளவில் ஒரு வேலிக்கு 20 மா. அதே 1/20! மா ஒன்றுக்கு 33 சென்ட், மூன்று மா என்றால் ஏக்கருக்கு ஒரு சென்ட் குறைச்சல் என்று அவனே சொன்னான். அரைக்கால் வேலி எவ்வளவு என்றேன். "ரெண்டரை மா." 20-ஐ 1/8-ஆல் பெருக்கச் சொன்னால் பேனாவைக் கடிக்கிறவன் இவன்.

அப்புறம் கோலம். நடுவில் 7 புள்ளி, இரு பக்கமும் 5, 3, 1 என்று இறங்கும் நேர்ப்புள்ளி. நடு வரிசையோடு சேர்த்து ஒரு பக்கம் 16, மறுபக்கம் 9. இரண்டும் வர்க்க எண். மொத்தம் 25, அதுவும் வர்க்கம். "எப்பவுமே இப்படித்தான் வரும் சார்!" சரி, நடுவில் 9 வையுங்கள் என்றேன். 41 வந்தது. அந்த முகங்களை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு கோலத்தைப் போட்டோ எடுத்து, லேபில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஏற்றிச் சமச்சீர்க் கோடு போட்டோம். இடது மூலை கோணல் என்று தெரிந்துவிட்டது. கோலம் போட்டவளுக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபம். முதலிலேயே திரையைக் காட்டியிருந்தால் நிறம் மாற்றி விளையாடியே பீரியடை ஓட்டியிருப்பார்கள்.

உங்கள் இளம்பிள்ளைப் பக்கம் மா, வேலி எல்லாம் எடுபடாது. தறி இருக்கிறதே? ஒரு சேலைப் பாவுக்கு எத்தனை இழை, அதை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று பிள்ளைகளை வீட்டில் கேட்டுவரச் சொல். எனக்கும் எழுது.

அன்புடன்,
ராமு