ஃபோர்ட் கட்டடங்களின் கண்காணிப்பு அளவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மும்பையின் மூன்றாவது மெட்ரோ தடம், தாராவியிலும் தாதரிலும் ஏறி ஃபோர்ட் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் நம் தமிழர்களுக்குப் பெரும் வசதி. அதைக் குறை சொல்ல இக்கடிதத்தை எழுதவில்லை. சுரங்கம் தோண்டியபோது வழியிலுள்ள பழைய கட்டடங்களில் பொருத்திய கண்காணிப்புக் கருவிகளைப் பணி முடிந்தது என்று கழற்றிவிடாமல் தொடர்ந்து இயக்க வேண்டும், அவை காட்டும் அளவுகளை அங்கே குடியிருப்பவர்களும் பொதுமக்களும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

1888-இல் கட்டி முடிக்கப்பட்டு, 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையமும், 2018-இல் அப்பட்டியலில் சேர்ந்த ஓவல் மைதானத்துச் சுற்றுக் கட்டடங்களும் உலகின் பார்வையில் இருப்பவை. கல்பாதேவியிலும் கிர்காவிலும் உள்ள பழைய சால்களுக்கு, அதாவது வரிசை வரிசையாக அறைகள் கொண்ட அடுக்குக் குடியிருப்புகளுக்கு, அந்தப் பாதுகாப்பு இல்லை. பெயர் பெற்ற கட்டடமே சிக்கலில் மாட்டியதும் உண்டு. 2017-இல் டி.என். சாலையிலுள்ள ஜே.என். பெட்டிட் நூலகக் கட்டடத்தின் உச்சியிலிருந்து சுண்ணக்கல் அலங்காரத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தபோது, அது சுரங்கப் பணியின் அதிர்வால் விழுந்ததா, காலத் தேய்மானத்தால் விழுந்ததா என்று உயர் நீதிமன்றம் வரை வாதிட நேர்ந்தது. பணி தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு கட்டடத்திலும் ஓராண்டு அளவுகளாவது எடுத்துப் பொதுவில் வைத்திருந்தால், இத்தகைய வழக்குகளில் பாதி வாதம் தேவைப்பட்டிருக்காது.

ஓராண்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய சுவர்களைப் பார்த்துப் பழகிய மேஸ்திரிகள், விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிடுவார்கள். கண்ணாடி முழுதாக இருந்தால் விரிசல் அடங்கிவிட்டது; உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. ஆனால் எப்போது நகர்ந்தது, எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கண்ணாடி சொல்லாது. இன்றைய விரிசல்மானி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அசைவைக்கூட நேரத்தோடு பதிவு செய்கிறது. வெயிலில் சுவர் விரியும், மழையில் ஊறும். விரிசலும் பருவத்துக்குப் பருவம் சற்றே திறந்து மூடும். அந்த இயல்பான அசைவு எவ்வளவு என்பது முதலில் தெரிந்தால்தான், அதற்கு மேல் நேர்ந்ததைப் பிரித்தறிய முடியும். அதிர்வுக்கும் அளவுகோல் உண்டு. ஜெர்மனியின் டின் 4150 தரநிலை, பாரம்பரியக் கட்டடங்களின் அடித்தளத்தில் தாழ்ந்த அலைவெண் அதிர்வு, அதாவது மெதுவாகத் துடிக்கும் அதிர்வு, விநாடிக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்கிறது.

மெட்ரோ பணி முடிந்தாலும் ஆபத்து முடிவதில்லை. நம் ஊரின் உப்புக் காற்று கல்லுக்குள் புகுந்து படிகமாகி, கல்லின் மேற்பரப்பை உதிர்க்கிறது. சுவருக்குள் புதைந்த இரும்பு உத்திரம் துருப்பிடித்துப் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கட்டுமானத்தையே பிளக்கிறது. மழைக்காலத்தில் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றின் வேர் மீதி வேலையைச் செய்கிறது. காலா கோடாவில் வார்ப்பிரும்புச் சட்டகத்தால் 1860-களில் எழும்பிய எஸ்பிளனேட் மேன்ஷனின் ஒரு பகுதி 2005-இல் இடிந்து விழுந்தது. அதன் அருகே சுரங்கம் எதுவும் அப்போது தோண்டப்படவில்லை.

கருவியைப் பொருத்தினால் மட்டும் போதாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் தீ எச்சரிக்கைக் கருவி உரிய நேரத்தில் ஒலித்தது. காவலர் வேறொரு கூரைக்கு அனுப்பப்பட்டதால் தீயைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் வீணானது. மாறாக, 1990-களில் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ரயில் நிலையத்துக்காகத் தோண்டியபோது, பிக் பென் கோபுரத்தின் சாய்வை இடைவிடாமல் அளந்து, அந்த அளவுகளைக் கொண்டே கோபுரத்தின் அடியில் மண்ணுக்குள் சிமெண்ட் கலவையைச் செலுத்திச் சாய்வைக் கட்டுக்குள் வைத்தார்கள். அங்கே அளவைப் பார்த்தவுடன் என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது.

பாரம்பரியக் கட்டடங்களுக்கென 1995-இலேயே தனி விதிகள் கண்ட நகரம் மும்பை. ஆகவே மாநகராட்சியும் பாரம்பரியக் குழுவும் மெட்ரோ நிர்வாகமும் கூடிப் பேசி, தடத்தை ஒட்டிய ஒவ்வொரு பழைய கட்டடத்தின் வாயிலிலும் அதன் விரிசல், சாய்வு, அதிர்வு அளவுகளை மாதந்தோறும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் ஒட்ட வேண்டும்; வரம்பு மீறினால் அருகில் நடக்கும் வேலையை அந்த நிமிடமே நிறுத்தும் அதிகாரம் பெற்ற பொறியாளரின் பதவியையும் தொலைபேசி எண்ணையும் அதே தாளில் குறிப்பிட வேண்டும். அடுத்த ஜூன் மழைக்கு முன் கிர்காவ், கல்பாதேவி சால்களிலிருந்து இதைத் தொடங்குமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாட்டுங்கா வாசகர்,
மும்பை.