அந்த ஆளுக்குப் பணம் குடுத்துடாதடா

டேய் சேகரு,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டதுலேருந்து மனசே சரியில்ல. போன் பண்ணா நடுவுல நடுவுல புகுந்து என்னைப் பேசவே விடமாட்ட, அதான் உக்காந்து எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு ப்ளஸ் டூ, வீடே பரீட்சை ஹால் மாதிரி இருக்கு. முரளி பேசினான், இன்னும் அதே ஸ்கூட்டர், அதே பொய்.

விஷயத்துக்கு வர்றேன். ஐடிஆர்-யூ, அதான் கெடு தாண்டினப்புறம் வருமான வரி ரிட்டர்னை அப்டேட் பண்ற ஃபார்ம், அதைப் போட்டு பழைய ஷேர் நஷ்டத்தை ஏத்தித் தர்றேன்னு சொல்றாரே ஒருத்தர், அவருக்கு ஒத்த ரூபா குடுக்காத. 2022ல அது வந்ததே விட்டுப்போன வருமானத்தைக் காட்டி கூடுதலா வரி கட்டுறதுக்குத்தான். நஷ்டத்தைப் புதுசா சேர்க்கவோ, வரியைக் குறைக்கவோ, ரீஃபண்டை ஏத்தவோ அதுல வழியே கிடையாது. 2025 பட்ஜெட்ல 2 வருஷ கெடுவை 4 வருஷமா நீட்டினாங்க, அதைக் கேட்டுட்டு "இன்னும் டைம் இருக்கு சார்"னு உன் தலையில மிளகா அரைக்கிறார். டைம் இருக்குடா, ஆனா அது உனக்கு வேண்டிய கதவு இல்ல.

உனக்கு ரெண்டு பிரச்சனை, ரெண்டுக்கும் வழி வேற வேற. முதல்ல இந்த வருஷ ரிட்டர்ன், 2025 செப்டம்பர் 16க்குள்ள போட்டுட்ட, நல்லது. நீ அனுப்பின ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன், வித்ததுல பாதிக்கு மேல வாங்கி 12 மாசம் ஆகாத ஷேர், அதாவது ஷார்ட் டெர்ம், ஆனா ரிட்டர்ன்ல மொத்த நஷ்டமும் லாங் டெர்ம்ல போயிருக்கு. எங்க எழுதினா என்னன்னு கேப்ப. லாங் டெர்ம் நஷ்டத்தை லாங் டெர்ம் லாபத்துல மட்டுந்தான் கழிக்கலாம், ஷார்ட் டெர்ம் நஷ்டத்தை ரெண்டுலயும் கழிக்கலாம். நாளைக்கே உனக்கு 2 லட்சம் ஷார்ட் டெர்ம் லாபம் வந்தா இப்ப இருக்கிற 20 சதவீதத்துக்கு செஸ் இல்லாமலே 40,000 ரூபா வரி, அந்த அளவு நஷ்டம் சரியான கட்டத்துல இருந்தா அது சுத்தமா இல்ல. தப்பைத் திருத்தி மறுபடி போடுற ரிவைஸ்டு ரிட்டர்னுக்கு 2025 டிசம்பர் 31 தான் கடைசி. பழைய ரிட்டர்னோட அக்னாலெட்ஜ்மென்ட் நம்பரை எடுத்து வச்சுக்கோ, போட்ட கையோட ஈ-வெரிஃபையும் (நான்தான் போட்டேன்னு ஆன்லைன்ல உறுதி பண்றது) பண்ணிடு, பண்ணலேன்னா போட்டது கணக்குலயே வராது.

ரெண்டாவதுதான் என்னைப் போட்டு அரிக்குது. 2023 ஜூலை 31 கெடு தாண்டி லேட்டா போட்டியே அந்த ரிட்டர்ன். லேட்டா போட்டா மூலதன நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது, சட்டம் அப்படித்தான். ஆனா நியாயமான காரணம் இருந்தா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வருமான வரிச் சட்டம் 119(2)(b) பிரிவுல மனு போடலாம். 2024 அக்டோபர் 1ஆம் தேதி நேரடி வரி வாரியம் போட்ட 11/2024 சர்க்குலர்ல இருக்கு: கேக்குற தொகை 1 கோடி வரைக்கும்னா வருமான வரி பிரின்சிபல் கமிஷனரே முடிவு பண்ணலாம், அசெஸ்மென்ட் இயர் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த வருஷம்) முடிஞ்சு 5 வருஷம் வரைக்கும் கேக்கலாம், முடிஞ்ச வரை 6 மாசத்துல பதில் சொல்லணும். உன் அசெஸ்மென்ட் இயர் 2024 மார்ச் 31ல முடிஞ்சது, அதனால உனக்கு 2029 மார்ச் 31 வரைக்கும் இருக்கு. ஆனா அதுவரைக்கும் தள்ளாத, நஷ்டத்தைக் கழிக்க அடுத்த 8 அசெஸ்மென்ட் வருஷம்தான், அது பாட்டுக்குக் கரைஞ்சுட்டே இருக்கு.

இதை ஏன் இவ்வளவு நம்பிக்கையா சொல்றேன்னா, எங்க அத்தானுக்குப் போன வாரம் ஆர்டர் வந்துடுச்சுடா! அவர் ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தப்ப கெடு போயிடுச்சு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஸ்பத்திரி பில், புரோக்கர் ஸ்டேட்மென்ட் எல்லாம் வச்சு மனு போட்டோம், ஏத்துக்கிட்டாங்க. அக்கா போன்ல அழுதுட்டா. அந்தப் பணத்துக்காக இல்ல, அந்த மாசம் அவங்க பட்ட பாடு என்னன்னு ஒரு ஆபீஸ் காகிதத்துலயாவது இருக்கேன்னுதான்.

"அம்மா சாவைக் காரணம் காட்டி வரிச் சலுகை கேக்க மாட்டேன்"னு நீ சொன்னது புரியுது. நானும் அப்ப அங்க வந்து பார்த்தவன்தானே, ஐசியூ வாசல்ல பெஞ்சுல சுருண்டு கிடந்த, அந்த நேரத்துல எவனுக்கு ரிட்டர்ன் ஞாபகம் வரும்? நீ சலுகை கேக்கல சேகரு. நிஜமா நஷ்டப்பட்ட, நிஜமா முடியாம போச்சு, நடந்ததை நடந்தபடி எழுதப்போற, அவ்வளவுதான். அம்மா இருந்திருந்தா "போய் எழுதிக் குடுடா"ன்னு உன்னை விரட்டியிருப்பாங்க, உனக்கே தெரியும்.

ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாம் உன் தங்கச்சிகிட்டதான் இருக்கும், கேட்டு வாங்கு. அத்தானோட மனு நகலை அனுப்புறேன், அதைப் பார்த்து உன் வார்த்தையில எழுது, ஒரு நல்ல ஆடிட்டர்கிட்ட காட்டிட்டுக் குடு. ஆனா முதல்ல டிசம்பர் 31 வேலை. ஞாயித்துக்கிழமை காலைல லேப்டாப்போட உக்காரு, நான் வீடியோ கால்ல வர்றேன். பத்து மணிக்கு மேல தூங்கிட்டிருந்தா உன் பொண்டாட்டிக்கு போன் போடுவேன்.

உன்
ரவி