காசு எங்கே போகுது, எங்கே போகணும்: அம்மிணிக்கு ஒரு கடிதம்

சூலூர்

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பின விலைப்பட்டியலையும் நீ வாங்க நினைக்கிற அந்தப் பழைய ரிக்கோட (பாராசூட்டும் அதை மாட்டற பையும் சேர்ந்தது) படங்களையும் ஒட்டுக்காப் பார்த்துட்டேன். விமானத்துல இருந்து குதிக்கிற ஸ்கைடைவிங் கத்துக்கப் போகாதேன்னு சொல்ல இந்தக் கடிதம் இல்லை. அந்த வெசனம் உங்கம்மாவுக்கு இருக்கு, அவ தனியா உன்கிட்டப் பேசுவா. விமானப்படையில பாராசூட் மடிச்சுக் கொடுத்த கையி இது. அதனால எந்தச் செலவு உன்னைக் காப்பாத்தும், எந்தச் செலவு அடுத்தவன் பையை நிரப்பும்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல பதில். இருபத்தஞ்சு குதிப்புக்கும் முன்பணம் கேட்கிற பேக்கேஜ் வேண்டாம். அந்த ரிக்குல இருக்கிற 135 சதுர அடி கேனப்பி, அதாவது மேலே விரியற பாராசூட் துணி, கண்டிப்பா வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதறேன், நிதானமாப் படி.

இந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சாத்தான் விலை ஏன் இப்படி இருக்குன்னு புரியும். 1980-களோட தொடக்கத்துல பில் பூத், டெட் ஸ்ட்ராங் ரெண்டு பேரும் டேண்டம் முறையைக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி முதல் தடவை குதிக்க வர்றவங்க ஒரு நாள் முழுக்கப் பயிற்சி எடுத்துத் தனியாத்தான் குதிக்கணும். டேண்டம் வந்த பிறகு அரை மணி நேரம் சொல்றதைக் கேட்டாப் போதும், மீதியெல்லாம் முதுகுல கட்டியிருக்கிற பயிற்சியாளர் பார்த்துக்குவார். வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை குதிச்சுட்டுப் போற கூட்டம் அப்படித்தான் உருவாச்சு. இன்னைக்கு டிராப் ஸோன், அதாவது குதிக்கிற தளம், நடக்கிறது அந்தக் கூட்டத்தோட காசுல. அமெரிக்காவுல ஒரு டேண்டம் 200-லிருந்து 300 டாலர், வீடியோவுக்குத் தனியா 100-க்கு மேல. லைசென்ஸ் வச்சிருக்கிறவர் ஒரு தடவை மேலே போக 30 டாலரை ஒட்டித்தான் கொடுக்கிறார். ஆஸ்திரேலியாவுல இப்படி டேண்டம் நடத்தற ஒரு குழுமம் 2015-லயே பங்குச்சந்தைக்குப் போயிருச்சு. துபாயில பாம் கடற்கரை மேல ஒரு டேண்டம் குதிக்க 2,000 திர்ஹாமைத் தாண்டும். நம்ம நாட்டுல ஹரியானாவோட நார்னோல் மாதிரி விரல்விட்டு எண்ணற இடங்கள்தான் இருக்கு, அங்கேயும் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரு தடவைக்காரங்கதான்.

இதை நான் குத்தமாச் சொல்லலை. முன்னே செஸ்னா 182-ங்கிற சின்ன விமானத்துல நாலு நாலு பேரா ஏறி, பத்தாயிரம் அடிக்குப் போய்ச் சேரவே அரை மணி நேரம் பிடிக்கும். இப்ப ட்வின் ஆட்டர்ங்கிற பெரிய விமானம் இருபது பேருக்கு மேல ஏத்திக்கிட்டு 13,000 அடிக்குக் கால் மணி, இருபது நிமிஷத்துல போயிரும். அந்த டர்பைன் இன்ஜினை மணிக்கணக்கு வச்சுப் பிரிச்சு ஓவர்ஹால் பண்ணியாகணும், எரிபொருள் வேற. டேண்டம் காசு இல்லைன்னா உன்னோட 30 டாலர் டிக்கெட் இன்னும் எத்தனையோ மடங்கு ஆகும். ஆனா சனிக்கிழமை மத்தியானம் வரிசையில டேண்டம்காரங்களை ஏத்திட்டுத்தான் உன்னைக் கூப்பிடுவாங்க. அதுக்காகக் கோபப்படாதே, விடியக்காலையில முதல் லோடுக்கே, அதாவது முதல்ல மேலே போற விமானத்துக்கே, போயிரு. அரிஸோனாவோட ஈலாய் மாதிரி பாலைவன ஊருல காத்தும் அந்த நேரத்துலதான் அமைதியா இருக்கும்.

எனக்குக் கோபம் வர்றது இடைத்தரகர்கள் மேல. உங்க ஊர் பேரைப் போட்டு, பக்கத்துலயே குதிக்கிற இடம் இருக்கிற மாதிரி வவுச்சர் விப்பாங்க. கட்டின காசு திரும்பாது. இடம் நூறு மைல் தள்ளி இருக்கும், அதையும் நடத்தறது வேற ஆளு. எந்த விமான ஓடுதளம், முகவரி என்னன்னு எழுதாத எவனுக்கும் அட்டை நம்பரைக் கொடுக்காதே. நேரா அந்த ஓடுதளத்துக்கே போன் பண்ணிப் பேசு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். விலை ஏறினா பர்ஸ் மட்டும் இளைக்கிறதில்லை, ஒரு குதிப்புக்கும் அடுத்த குதிப்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி நீளுது. எனக்குப் பயம் அதுலதான். அமெரிக்க பாராசூட் சங்கமான யூஎஸ்பிஏ விதிப்படி பயிற்சியில இருக்கிறவங்க 30 நாள் குதிக்காம விட்டா, பயிற்சியாளரோட மறுபடி ஒரு குதிப்பு பழகிட்டுத்தான் மேலே தொடரணும். ஏ லைசென்ஸ்ங்கிற முதல் படி லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு அது 60 நாள். சம்பளத்துல மிச்சம் பிடிச்சு மாசத்துக்கு ஒண்ணுன்னு குதிச்சா, கத்துக்கிட்டதைக் கை மறந்துரும், மறந்ததைத் திரும்பப் பழகறதுக்கே காசு கொடுத்துட்டு இருப்பே. அப்படிப் படிக்கிறது செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். ஏ லைசென்ஸுக்கு 25 குதிப்பு வேணும், மொத்தம் 3,000-லிருந்து 4,000 டாலர் வரைக்கும் ஆகும். அந்தப் பணத்தை முழுசாச் சேர்த்துக்கோ. அப்புறம் வெயில் தணிஞ்ச மாசமாப் பார்த்து மூணு நாலு வாரத்துல வரிசையா முடிச்சிரு. பணம் கையில சேர ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, காத்திரு.

சேர்த்த பணத்தை முன்கூட்டிக் கட்டிராதே. பேக்கேஜ்ல எதெல்லாம் அடங்கும்னு கேளு. ஏஎஃப்எஃப்-ல (பயிற்சியாளர் கூடவே குதிச்சுக் கத்துக் கொடுக்கிற ஏழு லெவல் பாடம்) ஒரு லெவல் தவறினா மறுபடி குதிக்க 200 டாலருக்கு மேல ஆகலாம், அது சேர்ந்திருக்கா? ஏழு லெவல் முடிஞ்ச பிறகு ரிக் வாடகை யார் பொறுப்பு? மடிச்சுக் கொடுக்கிற கூலி? கோச்சோட குதிக்கும்போது கோச்சுக்கான சீட்டுக் காசும் உன் தலையிலதான் விழும், அதைப் பட்டியல்ல போட்டிருக்க மாட்டாங்க. காத்து சரியில்லாம நாள் வீணானா, உனக்குக் கால் சுளுக்கினா பணம் திரும்புமா? இதுக்கெல்லாம் எழுத்துல பதில் கொடுக்கலைன்னா ஒவ்வொரு லெவலுக்கும் அப்பப்பவே கட்டிக்கோ. கொஞ்சம் கூடினாலும் அதுதான் லாபம்.

விண்ட் டனல், அதான் கீழேயிருந்து காத்தை ஊதி ஆளை மிதக்க வைக்கிற குழாய், அதைப் பத்திக் கேட்டிருந்தே. முதல் குதிப்புக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு நிமிஷம் போ. உடம்பை வில்லா வளைச்சு அசையாம நிக்கப் பழகிட்டா லெவல் தவறாது, போட்ட காசு அங்கேயே திரும்பிரும். அதுக்கு மேல இப்ப வேண்டாம். ஏன்னா டனல் கத்துக் கொடுக்கிறது கேனப்பி விரியறதுக்கு முன்னாடி விழற அந்த ஐம்பது அறுபது வினாடியை மட்டும்தான். கேனப்பி விரிஞ்ச பிறகு அஞ்சாறு நிமிஷம் நீ ஓட்டணும், அதை எந்தக் குழாயும் கத்துக் கொடுக்காது. அமெரிக்காவுல 2023-ல 36.5 லட்சம் குதிப்புக்கு 10 பேர் இறந்திருக்காங்க. எண்ணிக்கை குறைவுதான். ஆனா இந்த விளையாட்டுல அடிபடறவங்கள்ல நிறையப் பேர் நல்லா விரிஞ்ச பாராசூட்டுக்குக் கீழே, தரைக்குக் கிட்டத்துல தப்பாத் திருப்பி அடிபடறவங்க. வீடியோவுக்குக் கொடுக்கிற நூறு டாலரை கேனப்பி பயிற்சிக்குக் கொடு.

அடுத்து அந்த ரிக். புதுசுன்னா 8,000 டாலருக்குக் குறையாது, அதனால பழசு வாங்கறது தப்பில்லை. ஆனா "லேடீஸ் சைஸ், சின்னது, அழகானது"ன்னு 135 சதுர அடி கேனப்பியை உன் தலையில கட்டப் பார்க்கறாங்க. கணக்குப் போட்டுப் பாரு. உன் எடை 58 கிலோ, ரிக்கும் உடுப்பும் 11 கிலோ, ஆக 69 கிலோ, அதாவது 152 பவுண்ட். அதை 135-ஆல வகுத்தா ஒரு சதுர அடிக்கு 1.13 பவுண்ட் சுமை. புதுசாக் குதிக்கிறவங்களுக்கு 1.0-ஐத் தாண்டக் கூடாது. உன்னை மாதிரி எடை குறைஞ்சவங்க அதுக்கும் கீழேயே நிக்கணும், ஏன்னா ஒரே சுமையிலயும் சின்ன கேனப்பி சட்டுனு திரும்பும், ஒரு கை கூடுதலா இழுத்தா மூக்கைத் தரையில குத்தும். 190-ல 0.80 வருது, 170-ல 0.89 வருது. முதல் நூறு குதிப்புக்கு இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

உங்க ஊர் வெயிலையும் இதோட சேர்த்துப் பாரு. ஈலாய் ஏறக்குறைய 1,500 அடி உயரத்துல இருக்கு. 40 டிகிரி வெயில்ல காத்து லேசாயிரும், கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்துல, நம்ம ஏற்காட்டு மலை மேல இறங்கற கணக்கு. கேனப்பி வேகமா வரும், பிரேக் இழுத்தாலும் நீ பழகின இடத்துல நிக்காது. பல்லடம் பக்கம் சித்திரை வெயில்ல சோளக்காட்டுல சுழிச்சுக்கிட்டு எழும்புமே சூறைக்காத்து, அது அங்கேயும் வரும். இறங்கற இடத்துல புழுதி சுழல்றதைப் பார்த்தா அந்தப் பக்கமே திரும்பாதே. அதுக்குள்ள மாட்டின கேனப்பி ஐம்பது அடி உயரத்துலயும் மடங்கிரும். மத்தியானத்துல டிக்கெட்டை மலிவாக் கொடுத்தாலும் நீ குதிக்காதே.

பழைய ரிக் வாங்கறதுன்னா, விக்கிறவன் காட்டற துணியைப் பார்த்து மயங்காதே, காசை ரிக்கர்கிட்ட (பாராசூட் மடிச்சுச் சரிபார்க்கிற லைசென்ஸ்காரர்) கொடுத்துப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லு. அவசரத்துக்கு இருக்கிற ரெண்டாவது பாராசூட்டான ரிசர்வை ரிக்கர் 180 நாளைக்கு ஒரு தடவை பிரிச்சு மடிச்சு சீல் வைக்கணும், அது சட்டம். 20 வருஷத்துக்கு மேல ஆன ரிசர்வைப் பல ரிக்கர்கள் தொடவே மாட்டாங்க. ரிசர்வைத் தானாத் திறக்கிற ஏஏடி கருவிக்கு ஆயுள் உண்டு. இப்ப வர்ற சைப்ரஸ்ங்கிற ஏஏடி-க்கு 15½ வருஷம். அதுல மூணு வருஷம்தான் பாக்கின்னா அந்தக் கருவிக்கு அவன் சொல்ற விலையில பெரும்பகுதியைக் கழிச்சிரணும். நீ மயங்கிப் போனாலும் 750 அடியில, வேகம் குறையாம விழுந்துட்டிருக்கேன்னு கண்டா, அதுவே ரிசர்வைப் பைக்குள்ள பிடிச்சு வச்சிருக்கிற லூப் கயிறை வெட்டி விடும். இதுல மிச்சம் பிடிக்கவே பிடிக்காதே.

நான் கடைசி வரைக்கும் விடாம பார்க்கிறது மலிவான சாமான்களைத்தான். பையை மூடிப் பிடிக்கிற க்ளோஸிங் லூப் விரல் நீளம்கூட இல்லாத கயிறு, ஒண்ணு ரெண்டு டாலர். அது பிசிறடிச்சாலோ தளர்ந்தாலோ பின் தானாக் கழண்டு, விமானத்துக் கதவுகிட்டயே உன் பை திறந்துரும். பிசிறைக் கண்ணால பார்த்த அன்னைக்கே மாத்து.

அடுத்தது பைலட் சூட், அதாவது முதல்ல காத்துல விரிஞ்சு பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கிற சின்ன பாராசூட், அதுக்குள்ள ஓடற கில் லைன். வேலை முடிஞ்சதும் பைலட் சூட்டைச் சுருக்கி விடற இந்த நூல் உராயற வெப்பத்துல கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கும். மடிக்கிறப்ப அதை இழுத்து காக் பண்ணணும், அதாவது திரும்ப விரியத் தயாராக்கணும், பைலட் சூட்டைப் பையோட இணைக்கிற பட்டையான பிரிடில்ல இருக்கிற சின்ன ஜன்னல்ல வர்ண நூல் தெரியணும். வர்ணம் தெரிஞ்சாலும் அதோட விட்டுராதே. பைலட் சூட்டை இழுத்துப் பிடிச்சுப் பாரு, வலைத்துணி விறைப்பா நிக்கணும், நடுவுல ஓடற கில் லைன் லேசாத் தளர்ந்திருக்கணும். ரெண்டும் விறைச்சா நூல் சுருங்கிருச்சு. அப்படி விட்டா மேலே போய்ப் பைலட் சூட் பாதிதான் ஊதும், பையை இழுக்க பலம் இருக்காது, நீ விழுந்துக்கிட்டே இருப்பே. பிரேக் லைனும் இதே மாதிரிதான். கைப்பிடியை முழுசா மேலே விட்ட பிறகும் கேனப்பியோட பின்விளிம்பு கீழே இழுபட்டு நின்னா லைன் சுருங்கியிருக்கு. புது லைன் செட்டுக்குச் சில நூறு டாலர் ஆகும், அதையும் ரிக் விலையில கழிச்சுக் கேளு.

தோள்ல மெயினை, அதாவது முதல் பாராசூட்டைப் பிடிச்சிருக்கிற மூணு வளையத்தை மாசம் ஒரு தடவை கழட்டி, அந்த வார்ப்பட்டையை ரெண்டு பக்கமும் வளைச்சு விடு. அந்த வளையங்களை விடுவிக்கிற மஞ்சள் கேபிளைத் துடைச்சு வை. வார் விறைச்சு, கேபிள் பிசுபிசுத்துப் போனா, மெயினைக் கழட்டணும்கிற நேரத்துல கை பலம் போதாது. படிக்கிறவங்க 2,500 அடிக்குக் கீழே இறங்கறதுக்கு முன்னாடியே முடிவெடுத்தாகணும், அங்கே இழுத்துப் போராட நேரம் இருக்காது.

மடிக்கக் கத்துக்கோ. ஒவ்வொரு தடவையும் எட்டுப் பத்து டாலர் மிச்சம்கிறது சின்ன லாபம்தான். பெரிய லாபம், உன் பாராசூட்டோட ஒவ்வொரு நூலும் உனக்குத் தெரிஞ்சுரும். பாராசூட் விரியறதை மெதுவாக்கற துணியான ஸ்லைடரை ஸ்டாப்பர் வரைக்கும் மேலே ஏத்தி நாலா விரிச்சு வை. கீழே இறங்கியிருந்தா படார்னு விரிஞ்சு கழுத்தை ஒடிக்கும். லைனை ரப்பர் பேண்டுல செருகும்போது எல்லாம் ஒரே இறுக்கமா, ஒரே நீளமா இருக்கட்டும், ஒரு பக்கம் தளர்ந்தா பை சுழன்று லைன் முறுக்கிக்கும். அவசரமா இருந்தா அந்த லோடை விட்டுரு, அடுத்ததுல போகலாம்.

இன்ஷூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. யூஎஸ்பிஏ உறுப்பினர் கட்டணத்துல வர்ற காப்பீடு நீ அடுத்தவருக்குச் செய்யற சேதத்துக்கு, உன் காலுக்கு இல்லை. ஆஃபீஸ்ல கொடுத்த மருத்துவ பாலிஸியில ஸ்கைடைவிங் விலக்கு இருக்கான்னு படிச்சுப் பார்த்துட்டு எனக்குச் சொல்லு.

ரிக்குக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு படம் அனுப்பு: ரிசர்வை மடிச்ச விவரம் எழுதற டேட்டா கார்டோட ரெண்டு பக்கமும் தெளிவா, ஏஏடி-யில தயாரிச்ச மாசமும் வருஷமும் தெரியற மாதிரி, உடம்புல கட்டற ஹார்னஸ் வாரோட லேபிள்ல சீரியல் நம்பர் தெரியற மாதிரி. அந்த நம்பரை வச்சு, தயாரிச்ச கம்பெனி எதையாவது திருத்தச் சொல்லி புல்லட்டின் விட்டிருக்கான்னு நான் தேடிப் பார்த்துச் சொல்றேன். விக்கிறவன் அவசரப்படுத்தினா அப்பா பார்க்கணும்னு சொன்னாங்கன்னு என் மேல பழியைப் போட்டுரு. அதுவரைக்கும் டிராப் ஸோன் வாடகை ரிக்கே போதும்.

அன்புடன்,
அப்பா