இடைவெளி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பவளத் தொட்டி வைப்பது பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, புதிதாகத் தொடங்குவோருக்குப் பயன்படும். ஆனால் மென்பவளத்தையும் (கல் எலும்புக்கூடு கட்டாதது) கல்பவளத்தையும் (கட்டுவது) ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தால் போதும் என்று அதில் இருந்த வரியை நம்பினால் கல்பவளம் தங்காது. இடைவெளி விடுவது பாதி வேலைதான்.

பவளங்கள் இரண்டு விதமாகச் சண்டையிடும். கல்பவளங்களின் ஆயுதம் கொட்டும் இழை. டார்ச், ஹேமர் போன்ற யூஃபில்லியா வகைகளும் கேலக்ஸியாவும் நீண்ட இழைகளை நீரோட்டத்தில் விட்டு அக்கம்பக்கத்தைத் துழாவும். கேலக்ஸியாவின் இழை ஓர் அடி வரைகூட நீளும். இவை பெரும்பாலும் இரவில்தான் வெளிவரும் என்பதால், பகலில் பார்த்து இடம் ஒதுக்கினால் ஏமாந்துபோவோம். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தால், எது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று தெரிந்துவிடும். இந்தச் சண்டையை இடைவெளி தீர்த்துவிடும்.

மென்பவளங்களின் வழி வேறு. டோட்ஸ்டூல், சினுலேரியா போன்ற லெதர் வகைகள் டெர்பீன் வகை நச்சுகளைத் தண்ணீரில் கசியவிடுகின்றன. கடலில் அது அலையோடு போய்விடும். 200 லிட்டர் தொட்டியிலோ அதே தண்ணீர்தான் நாள் முழுக்கச் சுற்றுகிறது; எதிர்மூலையில் இருக்கும் அக்ரோபோரா என்ற கல்பவளத்துக்கும் அது போய்ச் சேரும். முதலில் பாலிப்புகள் (பவளத்தின் சிறு உயிரிகள்) பகலில் வெளியே வருவது நிற்கும், நிறம் மங்கும், பிறகு அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்புக்கூடு தெரியும். லெதர் மட்டும் கொழுகொழுவென்று இருக்கும். உடையவர் விளக்கை மாற்றுவார், உப்பை மாற்றுவார். காரணம் அங்கே இருக்காது.

இதற்கு மருந்து ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நச்சை ஈர்த்துப் பிடிக்கும் கரி. 200 லிட்டருக்குச் சுமார் 100 கிராம் எடுத்து, கரும்தூள் போகும்வரை ஆர்ஓ (சவ்வில் வடிகட்டிய) தண்ணீரில் அலசி, சம்பில் (வடிகட்டும் துணைத் தொட்டியில்) தண்ணீர் ஊடுருவிப் போகும்படி வைக்க வேண்டும். பையில் கட்டி ஓரமாகப் போட்டால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், பயன் குறைவு. மூன்று நான்கு வாரத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை மட்டும் மாற்றுவதே நல்லது. மாதக்கணக்கில் கார்பன் இல்லாத தொட்டியில் திடீரென்று முழு அளவும் போட்டால் தண்ணீரின் மஞ்சள் நிறம் ஒரே நாளில் நீங்கி, அதே விளக்கு பவளத்தை வெளுக்கச் செய்யும் அளவுக்குக் கடுமையாகிவிடும். கார்பனோடு ஓயாமல் ஓடும் ஸ்கிம்மரும் (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி), வாரம் 10 முதல் 15 சதவீதத் தண்ணீர் மாற்றமும் சேர வேண்டும்.

எங்கே வைப்பது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம். லெதரைத் தண்ணீர் சம்புக்கு வழியும் பக்கமாக வையுங்கள். அது கசியவிடுவது முதலில் கார்பனுக்குப் போகும். எதிர்ப்புறம் வைத்தால் முதலில் மற்றப் பவளங்களைத் தொட்டுவிட்டுத்தான் போகும். லெதர் அவ்வப்போது சில நாள் சுருங்கி, மேலே மெழுகு போன்ற ஒரு படலம் போர்த்திக்கொள்ளும். செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த நாள்களில் அதன்மேல் நீரோட்டத்தைக் கூட்டி, உரிந்து வரும் படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அது பக்கத்துப் பவளத்தின்மேல் படிந்தால் அந்த இடம் புண்ணாகும். லெதரைத் தொட்டிக்குள்ளேயே வெட்டவே கூடாது. தனி வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் வெட்டி, வேறு உப்புத் தண்ணீரில் அலசி, கார்பனைப் புதுப்பித்த பிறகே உள்ளே விட வேண்டும். கிரீன் ஸ்டார் பாலிப், ஸீனியா என்ற மென்பவளங்கள் இரண்டும் நச்சைவிடப் பரவுவதால்தான் கெடுதல் செய்யும். அவற்றை மணலில் தனித்தீவாக ஒரு கல்லில் வைத்தால் தப்பிக்கலாம்.

மென்பவளத் தொட்டி வைத்துப் பழகியவர்கள் தடுக்கி விழும் இடம் காரத்தன்மை. மென்பவளத்துக்கு அதைப் பெரிதாக அளக்கத் தேவையில்லை. கல்பவளம் எலும்புக்கூடு கட்டக் காரத்தன்மையையும் கால்சியத்தையும் தினமும் இழுக்கும். எதுவும் சேர்க்காமல் மூன்று நாள், ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். தினம் எவ்வளவு இறங்குகிறது என்று வந்துவிடும். 200 லிட்டரில் காரத்தன்மையை 1 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) உயர்த்தச் சமையல் சோடா 6 கிராம் போதும். அதற்கு ஈடாகக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 5 கிராம். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஊற்றினால் வெண்சுண்ணமாகப் படிந்து வீணாகும். ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் வரை, கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில், மெக்னீசியம் 1300 அளவில் ஆடாமல் நின்றால் போதும். நைட்ரேட்டைச் சுழியமாக்க வேண்டும் என்ற வெறி வேண்டாம். 5 முதல் 10 பிபிஎம் இருந்தால் மென்பவளமும் வாடாது, கல்பவளமும் தாங்கும்.

சிங்கப்பூரில் கவனிக்க வேண்டிய சங்கதிகள் இரண்டு. நம் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கச் சேர்க்கப்பட்டிருப்பது குளோரமைன். அதைப் பிரிக்கக் கார்பனோடு அதிக நேரம் தொடர்பு வேண்டும். பிரியும்போது வரும் அம்மோனியாவை டிஐ ரெசின் (கரைந்த அயனிகளை ஈர்க்கும் மணிகள்) பிடிக்க வேண்டும். ஆகவே ஆர்ஓ மட்டும் போதாது, டிஐயும் சேர்ந்து, கரைந்த பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் சுழியம் காட்ட வேண்டும். அடுத்தது வெப்பம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சில்லர் என்ற நீர் குளிர்விக்கும் கருவி இல்லாமல் 26 டிகிரியில் நிறுத்துவது கடினம். சில்லரை மூடிய அலமாரிக்குள் அடைத்தால் அது விடும் சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும்.

புதிதாகக் கலந்து வைப்போர் அக்ரோபோராவை மறந்துவிடுவது உத்தமம். இரண்டு மூன்று லெதர், கொஞ்சம் காளான் பவளம், ஹேமர், மேலே பலகை வடிவ மான்டிபோரா கல்பவளம். இதற்குக் கீழே 80, மேலே 200 அளவு பார் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) வெளிச்சம் போதும். கல்பவளம் சுணங்கினால் முதலில் உப்பு, வெப்பம், காரத்தன்மை பாருங்கள். மூன்றும் சரியென்றால் புதுக் கார்பன் போட்டு, கால்பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். ஓரிரு நாளில் பாலிப் விரிந்து, கார்பன் தீரும் சமயத்தில் மறுபடி சுருங்கினால் லெதர்தான் காரணம். அதைத் தறித்துச் சிறிதாக்குங்கள், அல்லது யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கட்டுரையில் சொல்லாமல் விட்ட ஒன்று: கல்பவளம் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. மலேசியாவின் ஜோகூர் கடையில் வாங்கிய சின்னத் துண்டைக் காரில் கொண்டுவருவதும் இறக்குமதிதான். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது.

இப்படிக்கு,
பவளத் தொட்டி பராமரிப்பில் உள்ள ஒரு வாசகர்,
ஈசூன்