வாக்ஸ் மேல் சீலன்ட் ஒட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பெயின்ட்டைப் பாதுகாக்கப் பூசும் வாக்ஸ் என்ற மெழுகு நல்லதா, சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சு நல்லதா என்று உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டைப் பற்றியும் நிதானமாக எழுதிவிட்டு, முடிவில் "இரண்டையும் பூசினால் இரட்டைப் பாதுகாப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எதை முதலில் பூசுவது, நடுவில் எவ்வளவு நேரம் விடுவது என்று ஒரு வார்த்தை இல்லை. அது தெரியாமல்தான் எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வீணானது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது அடர் நீல நிறக் கார். கூரை இல்லாத இடத்தில், நாளெல்லாம் வெயிலில் நிற்கிறது. முதல் தடவை வாக்ஸைப் பூசித் துடைத்து, அந்தப் பளபளப்பு போய்விடக் கூடாதே என்று அதன் மேல் சீலன்ட்டைப் பூசினேன். மூடி போட்டது மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் கழுவும்போது, பூச்சு இருந்தால் முத்து முத்தாக உருள வேண்டிய தண்ணீர் காரின் கூரை மீது பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. சீலன்ட் என்பது செயற்கை பாலிமர். அது பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட்டை நேரடியாகத் தொட்டால்தான் பிடித்துக்கொள்ளும். நடுவில் எண்ணெய்ப் பசையோடு வாக்ஸ் இருந்தால் பிடிப்பு கிடைக்காது. வாக்ஸ் கரையும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

சரி, இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம் என்று பானெட்டின் நடுவில் மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப் ஒட்டினேன். அதற்கு முன்பு ஷாம்பு போட்டுக் கழுவி, கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்து, பழைய வாக்ஸ் முழுவதையும் எடுத்தேன். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத நறநறப்பு பைக்குள் தெரியும். அது போகும்வரை எதைப் பூசினாலும் அழுக்கின் மேல்தான் பூசுகிறோம். இடது பக்கம் சீலன்ட் ஒரு கோட், மறுநாள் இன்னொரு கோட். வலது பக்கம் வாக்ஸ் மட்டும்.

ஏழாவது வாரம் வலது பக்கம் தண்ணீர் உருளவில்லை. இடது பக்கம் ஐந்தாவது மாதத்திலும் உருண்டது. ஒரே பானெட், ஒரே வெயில், ஒரே ஷாம்பு.

இதைச் சொல்வதால் வாக்ஸை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முதல் பத்து நாள் வலது பக்கத்தின் நீலம் அத்தனை ஆழமாக இருந்தது, கிணற்றை எட்டிப் பார்ப்பது போல. சீலன்ட் பூசிய பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியதே தவிர, அந்த ஆழம் இல்லை. கார் வாக்ஸில் சேர்க்கும் கார்னாபா என்ற மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருகிறது. தன் ஈரம் வற்றாமலிருக்க அந்த மரம் இலை மேல் படரவிடும் மெழுகு அது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். ஆனால் தனியாக எடுத்தால் கல் மாதிரி இருப்பதால், டப்பாவில் எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகு எல்லாம் கலந்துதான் வரும். கொதிக்கும் கூரை மீது அந்தக் கலவை சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது.

ஆகவே இரண்டும் வேண்டுமென்றால் சீலன்ட் கீழே, வாக்ஸ் மேலே. சீலன்ட்டின் இரண்டாவது கோட்டால் தடிமன் இரட்டிப்பாகிவிடாது. முதல் தடவை கை படாமல் விட்ட இடங்களை மூடத்தான் அது. அதற்கு மேல் நாலு கோட், ஐந்து கோட் என்று போவது வீண் உழைப்பு என்பது என் அனுபவம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை டப்பாவின் லேபிள் சொல்லும். என்னுடையதில் 12 மணி நேரம். அதுவரை மழையோ பனியோ படக் கூடாது. அப்புறம் வாக்ஸ். அது கரைந்து போனாலும் அடியில் சீலன்ட் இருக்கும், மேலே மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்த இரண்டுமே கீறலைத் தடுக்காது. பறவை எச்சத்தையும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். டிக்கி மூடி மேல் விழுந்ததை இரண்டு நாள் கவனிக்காமல் விட்டேன். எடுத்தபோது நகம் அளவுக்கு மங்கலான பள்ளம், இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எச்சத்தைக் கண்டால் ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அடுத்த வார வாகனப் பக்கத்தில் "முதலில் சீலன்ட், காய்ந்த பிறகு வாக்ஸ்" என்ற திருத்தத்தைப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் காருக்கு, அதற்கென்றே தயாரித்ததைத் தவிர வேறு எதையும் பூச வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் அதுவும் விடுபட்டிருந்தது.

இப்படிக்கு,
தினமும் காரைத் தானே துடைக்கும் ஒரு வாசகி