பதினொன்று நாற்பதுக்கு ஒரு போன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ "ம்" என்பாய், நானும் "ம்" என்பேன், அதற்குள் அம்மா போனை வாங்கிவிடுவாள். அதனால்தான் கடிதம். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. இது நாலாவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. மாடிக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டோம். அக்கா பெண் நிற்கப் பழகிவிட்டாள். விழுந்தால் முதலில் சுற்றிப் பார்க்கிறாள். யாராவது பார்த்தால் அழுகை, யாரும் பார்க்கவில்லை என்றால் தானே எழுந்து போய்க்கொண்டிருக்கிறாள். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு போன் வந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நேரத்துக்குத் தூங்கு. ராத்திரி இரண்டு மணிக்கு உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. அந்நேரத்தில் அதை நான் ஏன் பார்க்கிறேன் என்று கேட்காதே. மெயில் வந்தால் அன்றைக்கே பதில் போடு. நாளைக்கு என்று தள்ளினால் அது மலையாகிவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அன்றைக்கே பதில் போடு.

நீ வேலை தேடத் தொடங்கி எட்டு மாசமாகிறது. எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தாய் என்று கேட்டால் "நிறைய" என்கிறாய். நிறைய என்பது ஒரு எண்ணா? கணக்குப் படித்தவன் சொல்கிற பதிலா அது? நம் குடும்பத்தில் உன் அளவுக்குக் கணக்கு வந்தவர்கள் யாருமில்லை. பெரியப்பா மூன்று நாளாக ஆள் தேடிக்கொண்டிருந்த அந்தக் கோளாறை நீ பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டு, யாரும் பாராட்டிவிடுவதற்குள் மொட்டை மாடிக்கு ஓடிப்போனாயே, அதை இன்னும் பேசுகிறார்கள். சரிசெய்ததையும் பேசுகிறார்கள், ஓடிப்போனதையும் பேசுகிறார்கள். சித்தப்பா அன்றைக்குச் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. நான் அப்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் போன்ற ஆட்களைப் பற்றி என்று எழுத வந்தேன். உன்னைப் பற்றி என்றே வைத்துக்கொள்வோம். கூச்சம் வேறு, இது வேறு என்கிறார்கள். நாலு பேர் நம்மைக் கவனித்து எடைபோடுவார்கள் என்ற பயம் ஆறு மாசத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் பழக்கவழக்கத்தையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் அதற்குச் சமூகப் பதற்றக் கோளாறு என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாக ஏறியதே 1980-ல்தான். அப்போது 'சோஷியல் ஃபோபியா' என்று போட்டார்கள். அந்த வருஷம் எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது, "ஊமைக்கோட்டான்".

இன்னொன்றும் படித்தேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படுகிற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் அனுப்பினார்களாம். 2000-ல் அந்த முடிவு வெளிவந்தது. போட்டிருந்தவர்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். சட்டையில் இருந்தது யார் என்று சொன்னவர்கள் கால்வாசிகூட இல்லை. உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்கே தெரியும்: "அது டி-ஷர்ட், அப்பா. இன்டர்வியூவில் என்னைப் பார்க்கத்தானே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?" நியாயம்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. பயப்படுகிற இடத்துக்குப் போகாமல் திரும்பிவிட்டால் உடனே ஒரு நிம்மதி வருமாம், அந்த நிம்மதிதான் விஷமாம். "பார், தப்பித்தோம்" என்று மனசு அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை வாசல்வரைகூட விடாது. சின்னச் சின்னத் தற்காப்புகளும் அப்படித்தான் என்கிறார்கள். சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்ப்பது, நடுக்கம் தெரியாமலிருக்க டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பது, கண்ணைப் பார்க்காமல் மேஜையைப் பார்ப்பது. அதைப் படித்த நேரத்தில் என் கையில் டம்ளர் இருந்தது. எத்தனை கையால் பிடித்திருந்தேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிம்மதி எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை வந்ததே.

அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மணி பதினொன்று நாற்பது. தெரியாத எண். நான் எடுக்கவே மாட்டேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு மருந்துக்கடைப் பையனாக இருக்கும் என்று எடுத்துவிட்டேன். ஒரு பெண் குரல். உன் முழுப்பெயரைச் சொன்னது. இரண்டாவது எண்ணாக இதைக் கொடுத்திருக்கிறார், முதல் எண்ணில் மூன்று தடவை கூப்பிட்டோம், எடுக்கவில்லை என்றது. எழுத்துத் தேர்வை ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறார், நேர்காணலுக்கு மட்டும் வரவில்லை, வேறு நாள் வேண்டுமா என்று கேட்கத்தான் என்றது.

நான் "ராங் நம்பர்" என்றேன்.

தம்பி, யோசித்துச் சொல்லவில்லை. காது அடைத்துக்கொண்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "மன்னிக்கணும் சார்" என்று அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தது. அப்புறம் வந்தது அந்த நிம்மதி. கால் மணி நேரம் இருந்திருக்கும். அது போனதும், நான் யாருடைய பெயரைக் கேட்டு ராங் நம்பர் என்றேன் என்பது உறைத்தது.

நீ "போனேன், சொல்லியனுப்புகிறோம் என்றார்கள்" என்று எங்களிடம் சொன்னது இதே இன்டர்வியூதான் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன்னுடையதைச் சொன்னால் என்னுடையதையும் சொல்ல வேண்டும்.

எழுதத் தொடங்கியாயிற்று, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். யார் வீட்டுக்கு வந்தாலும் நான் பெருமையாகச் சொல்கிற கவுன்ட்டர் கதை இருக்கிறதே, "எட்டு வயசிலேயே தனியா நின்னு டிக்கெட் வாங்க வெச்சேன், அப்பத்தான் தைரியம் வரும்" என்று, அது பொய். உனக்குத் தைரியம் வர நான் உன்னை அனுப்பவில்லை. எனக்குப் பேச வரவில்லை, அதனால் அனுப்பினேன். டிக்கெட் கவுன்ட்டர், வங்கி, டாக்டர் வீட்டு வரவேற்பு மேஜை, எல்லாவற்றுக்கும் நீதான் போனாய். அந்தக் கவுன்ட்டர் பலகை உன் தலைக்கு மேலே இருக்கும். நீ குதிகாலைத் தூக்கி நிற்பாய். எனக்குப் பின்னாலிருந்து பார்த்தால் பலகையைப் பிடித்திருக்கிற உன் எட்டு விரல்களும் தெரியும். ஒருநாள் உள்ளே இருந்தவர், "பெரியவங்க யாரும் வரலையா?" என்று சத்தம் போட்டார். வரிசையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நீ திரும்பி என்னைத் தேடினாய். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் வரலை" என்று நீ அவரிடம் சொன்னாய். எனக்குக் கேட்டது.

இந்தப் பயம் பெரும்பாலும் 8 வயதுக்கும் 15 வயதுக்கும் நடுவில்தான் தொடங்குகிறதாம். ரத்த சம்பந்தமும் உண்டாம். எல்லாம் அந்தக் கவுன்ட்டரில் ஆரம்பித்தது என்று நான் அழுது நாடகம் போடப்போவதில்லை. ஒரு நாளில் யாருக்கும் எதுவும் வந்துவிடாது என்றும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையை இனிமேல் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீலக் கோப்பில் இருக்கிற பதவி உயர்வு உத்தரவையும் நான் இடமாற்றத்துக்குப் பயந்து மறுக்கவில்லை. மாசம் ஒரு தடவை எழுந்து நின்று கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அம்மா இன்றுவரை தனக்காகத்தான் நான் ஊர் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நானே அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அப்பன் வந்து பேசினால் உனக்குத்தான் கேவலம் என்று விட்டுவிட்டேன். அது பாதி உண்மை. எண்ணை அழுத்த முடியவில்லை என்பது மீதிப் பாதி.

எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிட முடியவில்லை என்றால் மெயில் போடு, அதுவும் இரண்டு வரி போதும்: அன்றைக்கு வர முடியவில்லை, வேறு நாள் கொடுத்தால் வருகிறேன். காரணம் எழுதாதே, நீ காரணம் எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும். நாள் கொடுத்தால் காலையில் முதல் ஆளாகக் கூப்பிடச் சொல்லிக் கேள், காத்திருக்கிற நேரம்தான் கொல்லும். என்ன மாதிரிக் கேள்வி, எத்தனை பேர் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை. குறிப்புத் தாளை உள்ளே கொண்டுபோகலாமா என்றும் கேட்கலாம். கேள்வி புரியவில்லை என்றால் "ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். மெயிலை மட்டும் அன்றைக்கே போடு.

வைத்தியமும் இருக்கிறது. மாத்திரைக்கு முன்னால் பேச்சுவழிச் சிகிச்சையைத்தான் கொடுக்கச் சொல்கிறது 2013-ல் வந்த இங்கிலாந்து வழிகாட்டுதல், நாலு மாசத்தில் பதினான்கு பதினைந்து அமர்வு. சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள். நாம் பேசுவதைப் படமெடுத்து நமக்கே போட்டுக் காட்டுவார்களாம், உள்ளே நடுங்குகிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்று நாமே பார்ப்பதற்காக. பயப்படுகிற காரியங்களைச் சின்னதிலிருந்து பெரிதாக ஒன்றொன்றாகச் செய்யவும் வைப்பார்களாம். மாத்திரையும் சிலருக்குத் தேவைப்படும், அதை டாக்டர் சொல்லட்டும், நாமாக வாங்கிப் போடக் கூடாது.

வியாழக்கிழமை ஒரு டாக்டரிடம் நேரம் கேட்டுக் கூப்பிடப்போகிறேன். உனக்கு இல்லை, எனக்கு. அறுபது வயதுக்கு மேல் எதற்கு என்று அம்மா கேட்பாள், அதையும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். போனில் என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். ஒத்திகை கூடாது என்று அவர்கள் சொன்னாலும் முதல் தடவைக்கு இது இல்லாமல் முடியாது. முதல் வரி "வணக்கம்". இரண்டாவது வரியில் என் பெயர். இப்போதைக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

அப்பா